கொடுத்தவன் சாப்பாடு

சிறுநீரகம் கொடுத்துவிட்டு வந்தவனைப் பார்க்கப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போவது என்று 2011-ல் திருச்சி எடமலைப்பட்டி புதூரில் யாருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்கு என்ன, கால் ஒடிந்தவனுக்கு என்ன, மஞ்சள் காமாலைக்கு என்ன என்பதெல்லாம் எங்கள் தெருவுக்கு மனப்பாடம். இது புதுசு. ஆகவே அவரவர் அறிந்த நோயை என்மேல் ஏற்றி, அதற்குரிய சாப்பாட்டை அனுப்பினார்கள். எதிர்வீட்டுப் பாட்டி என்னைப் பச்சை உடம்புக்காரியாகவே எடுத்துக்கொண்டு பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் கொடுத்துவிட்டார். பொன்மலைப் பணிமனையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எலும்பு முறிந்த கணக்கில் சேர்த்து, தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடும் பக்கத்து வீட்டு அண்ணன், கிழங்கு எதுவும் கூடாது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு பெரியம்மா, நான் சொம்பைத் தூக்கியதும் பதறினார்: "தண்ணிய அளந்து குடிப்பா. ஒரு கிட்னிதான் இருக்கு."

இதில் கடைசிப் பத்தியம்தான் விவகாரமானது. அது என் அக்காவுக்கு உரியது. அதுவும் ஆபரேஷனுக்கு முந்தைய அக்காவுக்கு. வாங்கினவருக்கு எழுதிய சீட்டைக் கொடுத்தவன் கையில் திணிக்கும் இந்தக் குழப்பம் இன்னமும் தீரவில்லை. கல்யாணப் பந்தியில் என் இலையில் வாழைப்பழம் வைக்க வருகிறவரின் கையை இப்போதும் யாராவது பிடித்துவிடுகிறார்கள்.

அக்கா ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்த ரத்தக் கொதிப்பு பிரசவத்தோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போகவில்லை. கால் வீங்கி, சோறு கசந்து, கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்தன. தில்லைநகரில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டருக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை இறுத்துக் கொட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்றலாம். இளநீர், வாழைப்பழம், கீரை பக்கம் போகவே கூடாது. அவற்றில் இருக்கும் பொட்டாசியத்தை நம் சிறுநீரகம் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடுகிறது. அவளுக்கு அது ரத்தத்தில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். காவிரிக் கரை முழுக்க வாழை. தாயனூர்ப் பக்கம் மத்திய அரசின் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. அப்படிப்பட்ட ஜில்லாவில் அவள் ஒரு பூவன் பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைப்பாள்.

மாமாவுக்குச் சர்க்கரை. அம்மாவுக்கு வயது. மிச்சம் நான். உடன்பிறந்தவர்களுக்குள் திசுப் பொருத்தம் முழுசாக அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பாதியாக அமைய நாலில் இரண்டு, துளியும் அமையாமல் போக நாலில் ஒன்று. எங்களுக்குப் பாதி அமைந்தது. 1994-ம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாம் நெருங்கிய உறவுப் பட்டியலுக்குள் வருகிறார்கள். ஆனாலும் உட்காரவைத்துக் கேட்டார்கள். யாராவது வற்புறுத்தினார்களா, பணம் ஏதும் கைமாறியதா, மனைவிக்குத் தெரியுமா? மனைவிக்குத் தெரியும். அவள் முந்தின ராத்திரியே தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்: "அக்காவுக்கு ஒண்ணு கொடுங்க, வேணாங்கல. மிச்சமிருக்கிற ஒண்ணு எனக்கும் பிள்ளைக்கும். அதுல உங்களுக்குப் பாத்தியதை கிடையாது."

பணிமனையில் அன்றிலிருந்து எனக்கு 'ஸ்டெப்னி இல்லாத வண்டி' என்று பெயர். பட்டப் பெயர் வைப்பதில் எங்கள் ஷாப் ஆட்களை மிஞ்ச முடியாது. பெயர் பொருத்தமானதுதான் என்பதால் நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் சிறுநீரக மருத்துவர் ஒரு காகிதத்தில் இரண்டு அவரை விதை மாதிரி வரைந்து, ஒன்றை அடித்துவிட்டு, மற்றதைக் கொஞ்சம் பெரிதாகத் திருத்தி வரைந்தார். ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ஒன்று சும்மா இருக்காது. அதற்குள் ரத்த ஓட்டம் கூடும்; அது சற்றே பருக்கும்; பாதியாகப் போன வடிகட்டும் திறன் சில மாதங்களில் பழைய மொத்தத்தில் சுமார் 70 சதவீதம் வரை ஏறிவிடும். அது உயிர் வாழத் தாராளம். ஆனால் கூடுதல் வேலையைச் செய்வது அதே நுண்ணிய குழாய்கள். அவற்றின்மேல் இன்னும் அழுத்தத்தை ஏற்றுகிற இரண்டு விஷயங்கள் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும். "உங்களுக்கு நோய் கிடையாது, அதனால பத்தியமும் கிடையாது. பி.பி. வராம, சுகர் வராம, வெயிட் போடாம பாத்துக்குங்க. வலி மாத்திரையைத் தொடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தமும் யூரினும் கொடுத்துட்டுப் போங்க." அவ்வளவுதான் சொன்னார். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு இவ்வளவு சின்ன சீட்டா என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஒரு பெரிய பட்டியலை எதிர்பார்த்திருந்தேன். பட்டியல் இருந்தால் சௌகரியம். பார்த்துப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போகலாம்.

பட்டியல் இல்லாத இடத்தில் என் மனைவி உப்பைப் பிடித்துக்கொண்டாள்.

உப்பு கூடினால் ரத்தக் கொதிப்பு கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூடுதல் என்றால் எவ்வளவு என்பதுதான் எந்த அடுப்படியிலும் தெரியாது. கை கணக்கு, கண் கணக்கு, நாக்குக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஒரு சின்ன ஸ்பூன். யார் ஸ்பூனால் அளந்து சமைக்கிறார்கள்? அவள் வேறு வழி கண்டாள். உப்பு பாக்கெட் பிரிக்கிற தேதியை மாதக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டாள். வீட்டில் நான், அவள், மகள், அம்மா என்று நாலு பேர். நாலு பேருக்கு நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. மீன் கழுவவும் வாழைப்பூவை ஊறப்போடவும் எடுத்ததைக் கழித்தாலும் கணக்கு உதைத்தது. இத்தனைக்கும் கடை அப்பளம், ஊறுகாய், பணிமனை கேன்டீன் சாம்பார், மணப்பாறை முறுக்கு எதுவும் அந்த ஒரு கிலோவில் சேராது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். என் மனைவி மட்டும், "இனிமே இன்னும் வாங்கிட்டு வருவாங்க" என்றாள்.

வட்டம் போட ஆரம்பித்த பிறகு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதலில் சோறு வடிக்கும்போது போடும் உப்பு நின்றது. அது எதற்காகப் போட்டோம் என்றே யாருக்கும் தெரியவில்லை; அம்மாவின் அம்மா போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு மோர். பிறகு இட்லி மாவில் பாதி. அப்பளம் அமாவாசைக்கும் விருந்தாளிக்கும் என்று ஆனது. கருவாடு மெல்ல மெல்ல வீட்டைவிட்டுப் போனது. அதற்கு நான் இன்னும் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறேன். உப்பு போன இடத்தை மிளகும் எலுமிச்சையும் கொத்தமல்லியும் கொஞ்சம் நிரப்பின. புளியும் ஓரளவு உதவியது. அம்மா மட்டும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "சப்புனு இருக்கு. நான் யாருக்கும் எதையும் கொடுக்கலையே, எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?" என்பாள். அம்மாவுக்கும் ரத்தக் கொதிப்பு உண்டு என்பதை யாரும் அப்போது அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் சில வாரங்களில் நாக்கு ஒத்துப்போய்விட்டது. ஒத்துப்போனது எப்படித் தெரிந்தது என்றால், ஜங்ஷன் பக்கத்தில் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலில் சாம்பார் கடல் தண்ணீராகப் பட்டது. ஓட்டல்காரர் எதையும் மாற்றவில்லை.

கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறது. அதில் ஒரு பங்குக்குப் பொட்டாசியம் உப்பைக் கலந்திருப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கிறதென்று பார்த்துவிட்டு மருத்துவர் சம்மதித்தால் என்னைப் போன்றவன் அதைச் சேர்க்கலாம். அக்கா சேர்க்கக் கூடாது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் காலையும் மாலையும் மணி பார்த்துப் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. அதே மாத்திரையால் அவளுக்குப் பம்பளிமாஸ் பழமும் விலக்கு. அது மருந்தின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக்கிவிடும். தள்ளுவண்டியில் ஈ மொய்க்க வைத்திருக்கும் வெட்டிய பழமும் அவளுக்கு ஆகாது, எதிர்ப்புச் சக்தியை மருந்து அடக்கி வைத்திருக்கிறது. எனக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே ஜோடிச் சிறுநீரகத்தைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு பேரின் இலையில் ஒரே சாப்பாடு வைக்க முடியாது. ஆடிப் பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து சித்திரான்னம் பிரிக்கும்போதெல்லாம் இரண்டு டப்பாக்கள் வரும். எது யாருடையது என்பதில் மாமாவுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

புரதத்தைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது. ஒரு கட்சி, உடம்பு தேறக் கறியும் முட்டையுமாக அடித்துவிடு என்றது. இன்னொரு கட்சி பருப்பைக்கூடத் தொடாதே என்றது. இரண்டும் வேண்டாம். எடை கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை என்பது சாதாரண மனிதனுக்கு உள்ள கணக்கு, கொடுத்தவனுக்கும் அதுவே. 70 கிலோ ஆளுக்கு அறுபது கிராம் சொச்சம். ஒரு முட்டையில் 6 கிராம். சோறு, பருப்பு, தயிர், சுண்டல் என்று சாப்பிடுகிற வீட்டில் இது தானாகவே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் இடம் இருக்கிறது. டப்பாவில் வரும் புரதப் பவுடரைத்தான் தொடக் கூடாது என்றார்கள். தெருமுனை ஜிம்முக்குப் போகும் பையன் ஒருவன் பாசத்தோடு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தான். மிஞ்சுகிற புரதத்தின் கழிவைத் தள்ளச் சிறுநீரகம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு விரட்டுவது? டப்பா இப்போது வெந்தயம் போட்டு வைக்க உதவுகிறது.

பீடியை ஆபரேஷனுக்கு முன்னாலேயே விட்டாயிற்று. விடாவிட்டால் எடுக்க மாட்டோம் என்றார்கள், விட்டேன். நடை கிராப்பட்டிச் சாலையில், விடிவதற்குள். இடுப்பில் அடிபடுகிற விளையாட்டு வேண்டாம் என்றார்கள். மாட்டுப் பொங்கலுக்குச் சூரியூர் ஜல்லிக்கட்டுக்குப் போனால் கேலரியில்தான்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. பணிமனையில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் நிற்பது என்னவென்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே அதற்கு மேல். ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இல்லாத உழவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதைப் பல வருஷமாக ஆராய்கிறார்கள். வெயிலில் நாள் முழுதும் வியர்த்து வற்றுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள். எனக்கு மருத்துவர் சொன்னது லிட்டர் கணக்கு அல்ல. "யூரின் வெளிர் மஞ்சளா போகுதா? சரி. எண்ணெய் மாதிரி போகுதா? குடிங்க." ஒரே மூச்சில் ஐந்து லிட்டர் குடித்துச் சிறுநீரகத்தைக் 'கழுவி' விடலாம் என்கிற கூட்டமும் ஒன்று உண்டு. கழுவ அது பாத்திரம் இல்லை. வாந்தி, பேதி வந்தால் மட்டும் நான் அசட்டையாக இருப்பதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரைத்து வைத்துக்கொண்டு, நிற்கவில்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாப்பாட்டைவிட மருந்துக் கடைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். எங்கள் பக்கம் ஒரு பழக்கம். தோள்பட்டை வலி, முட்டி வலி, சும்மா உடம்பு வலி எதுவானாலும் கடையில் போய், "ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்பது. ஒரு துண்டுத் தாளில் மூன்று நிறத்தில் மாத்திரை வரும். பெயர் தெரியாது, கேட்கிறவனும் இல்லை. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கும். இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். தண்ணீர் வற்றிய உடம்பில் இன்னும் மோசம். இரண்டு உள்ளவர்களே அடிக்கடி போட்டால் கெட்டது.

இந்த மாத்திரைக்கு ஒரு பழைய கொலைப் பட்டியல் உண்டு. இந்தியா முழுக்கக் கழுகுகளில் பிணந்தின்னி வகைகள் 1990-களில் கொத்துக் கொத்தாக விழுந்தன. காரணம் 2004-ல்தான் தெரியவந்தது: மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக். செத்த மாட்டைத் தின்ற பறவைகளுக்குச் சிறுநீரகம் நின்றுபோய், உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. 2006-ல் மாட்டு மருந்தாக அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் மிஞ்சிய பாறுக் கழுகுகள் நீலகிரி மாயாற்றுப் பக்கம்தான் இப்போது. மனிதனும் கழுகும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் மகள் இதைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மாத்திரைக்குக் 'கழுகு மாத்திரை' என்றே பெயர். எனக்கு வலித்தால் பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம். நாட்டு மருந்தில் கஷாயம், ரசம் வேறு. என்ன கலந்தது என்று எழுதியிராத பஸ்பமும் செந்தூரமும் வேறு. பாதரசம் சேர்ந்தவை சிறுநீரகத்தைத் தாக்கும். ஸ்கேனுக்கு ஊசி வழியாக மருந்து ஏற்றுவதானாலும் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் ஒரு சீட்டும் இருக்கிறது.

சீட்டு இல்லாததால் ஒருமுறை சிரிப்பாகிவிட்டது. ஒரு மருத்துவ முகாமில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். சிறுநீரகம் வடிகட்டித் தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.3. ஆபரேஷனுக்கு முன்னால் 0.9 இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டால் அவ்வளவு ஏறி அங்கேயே நிற்பது இயல்பு. நின்ற இடத்திலிருந்து மேலே நகர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். முகாமில் இருந்த பையனுக்கு அது தெரியாது. தடித்த எழுத்தில் அச்சாகிவந்த எண்ணைக் காட்டி, "அண்ணே, உங்களுக்குக் கிட்னி ஆரம்பிச்சிருச்சு" என்றான். "ஆரம்பிக்கல தம்பி, ஒண்ணு ஸ்ரீரங்கத்துல இருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தவர்கள் படுத்திருந்த வார்டில் நான் மட்டும் ஆண். மற்றவர்கள் மகனுக்குக் கொடுத்த தாயார்கள், கணவனுக்குக் கொடுத்த மனைவிமார்கள். இது எங்கள் வார்டின் தற்செயல் இல்லை. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெற்றுக்கொண்ட பெண்கள் 6,945 பேர்தான் என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பே கணக்குக் காட்டியது. உயிரோடு இருந்து கொடுத்தவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள். என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் என் மனைவியிடம், "எப்பேர்ப்பட்ட மனசு!" என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் மகனுக்குக் கொடுத்த அம்மாவிடம் யாரும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. தாய் என்றால் கொடுப்பாள்தானே. அவர் கேட்ட ஒரே கேள்வி, எப்போதிலிருந்து தலையில் சுமை தூக்கலாம் என்பது. ஆறு வாரமாவது ஆகும் என்று நர்ஸ் சொன்னதற்கு, "அதுவரைக்கும் யாரு சோறு போடுவா?" என்றார். மகனுக்கு எழுதிக் கொடுத்த சாப்பாட்டுத் தாளை மட்டும் பத்திரமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவருக்கென்று தாள் எதுவும் இல்லை. வருஷா வருஷம் சோதனைக்கு வந்திருப்பாரா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. மகனுக்காக வந்திருப்பார். தனக்காக?

1984-ல் நான் பள்ளிக்கூடப் பையன். எம்.ஜி.ஆர். புரூக்ளினில் படுத்திருந்தார். எங்கள் தெருவில் மண்சோறு சாப்பிட்டார்கள், தீச்சட்டி எடுத்தார்கள். டிசம்பரில் அவருக்குச் சிறுநீரகம் பொருத்தினார்கள். பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடியும் முதல்வரானார். 1987 டிசம்பரில் போனார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கொடுத்தது அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி என்பதை எத்தனை பேர் சொல்வார்கள்? அவர் அதன்பிறகு ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஏறக்குறைய 37 ஆண்டுகள் இருந்து, 2021-ல்தான் காலமானார். செய்தித்தாளில் அந்தச் சின்னச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இத்தனை வருஷம் அவர் என்ன சாப்பிட்டார், யார் அவருக்கு ரத்தக் கொதிப்பு பார்த்தார்கள் என்பதுதான். இவனுக்கு வேறு நினைப்பே வராதா என்று தோன்றலாம். வராது.

நீண்ட நாள் இருந்தவர் இருக்கிறார் என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 96,217 கொடையாளர்களைத் தொடர்ந்து பார்த்து 2014-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 15 ஆண்டுகளில் கொடுத்தவர்கள் பத்தாயிரம் பேரில் சுமார் 31 பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. அதேபோல் ஆரோக்கியமாக இருந்து, கொடுக்காதவர்களில் பத்தாயிரத்துக்கு 4 பேர். மகள் இதைச் சொன்னதும் மனைவி முறைத்தாள். எனக்கு அந்த எண் பிடித்திருந்தது. ஒன்றுமே ஆகாது என்பவரும் பொய் சொல்கிறார், பாதி மனிதன் ஆகிவிட்டாய் என்பவரும் பொய் சொல்கிறார். முப்பத்தொன்று என்பது ஒரு எண், அதோடு பேசலாம். பிள்ளை பெறப்போகிற பெண்கள் கொடுத்தால் பேறுகாலத்தில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்றும் கனடாவில் கண்டார்கள். அக்காவுக்கு வந்த வினையே அதுதான் என்பதால், இதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

எண்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2001-ல் சென்னையில் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சந்தித்துக் கேட்டார்கள். அவர்களில் 86 சதவீதம் பேர் உடம்பு முன்பைவிடக் கெட்டுவிட்டது என்றார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025-ல் பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரர்களின் சிறுநீரக விற்பனை விவகாரம் வெடித்தபோது அதே கதை திரும்பவும் வந்தது. அவர்களுக்கு எடுத்ததும் இதே உறுப்புதான், மிஞ்சியதும் இதே ஒன்றுதான். எனக்குப் பணிமனையில் லைட் டூட்டி கொடுத்தார்கள், சம்பளம் வந்தது, ரயில்வே மருத்துவ வசதி இருந்தது, உப்புக்காகக் காலண்டரில் வட்டம் போட ஒருத்தி இருந்தாள். தறிக்குத் திரும்பிப் போனவருக்கு இதில் எது இருந்தது? கொடையாளருக்கான உணவு முறை என்று யாராவது என்னிடம் கேட்டால், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேட்கத் தோன்றுகிறது: சோதனைக்கு வர ஒருநாள் கூலியை விட முடியுமா?

எங்கள் வழக்கம் இப்படி. வருஷத்தில் ஒருநாள் அக்காவும் நானும் ஒன்றாகவே சோதனைக்குப் போவோம். அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவாள். அவள் கையில் துணிப்பை நிறைய ஃபைல். என் கையில் ஒரே ஒரு தாள். கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், சர்க்கரை, எடை, ரத்தக் கொதிப்பு. பொருத்திய சிறுநீரகம் பலருக்குப் பத்துப் பதினைந்து வருஷம், அதற்கு மேலும் ஓடுகிறது. அவளுடையதும் ஓடிக்கொண்டிருக்கிறது, எண் மட்டும் மெல்ல ஏறுகிறது. என்னுடையது அப்படியே நிற்கிறது.

போன தடவை எனக்கு ரத்தக் கொதிப்பு கூடியிருந்தது. உட்காரவைத்து, ஆறவைத்து, மறுபடியும் எடுத்தார்கள்; வீட்டில் ஒரு கருவி வாங்கிக் காலையும் மாலையும் எழுதி வரச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு போனேன். 140-ஐச் சுற்றியே இருந்தது. டெல்மிசார்ட்டன் ஆரம்பித்தார்கள், அது ரத்தக் கொதிப்பைக் குறைப்பதோடு, வடிகட்டிக்குள் அழுத்தத்தையும் இறக்கும் வகை. இத்தனை வருஷம் கருவாட்டைத் துறந்ததற்கு இதுதானா பலன் என்று ஒரு நிமிஷம் எரிச்சல் வந்தது. கருவாடு தின்றிருந்தால் எப்போதோ வந்திருக்கும் என்றார் மருத்துவர். அதை நிரூபிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். மாமா உளறிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு எடமலைப்பட்டி புதூருக்கு வந்துவிட்டாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "என்னாலதானேடா உனக்கு இது வந்துச்சு?" என்று ஆரம்பித்தாள்.

"அப்பாவுக்கும் பி.பி. இருந்துச்சுக்கா. அவரு யாருக்குக் கொடுத்தாரு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள், என் தட்டைப் பார்த்தாள்.

"வியாக்கியானம் இருக்கட்டும். அந்த மோர் மிளகாயை எடுத்து ஓரமா வை முதல்ல."